ஐந்து பாட்டிலும் ஒரு ட்யூபும்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் வேலை. மத்தியானம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவேன். காலேஜ் படிக்கும்போதிருந்தே தாடையோரம் பரு வரும், வந்து போன இடமெல்லாம் கறுப்பாக நிற்கும். ஏழு மாதத்துக்கு முன்னால் கூட வேலை பார்க்கும் அக்கா ஒரு க்ரீம் பெயர் சொன்னார். மெடிக்கலில் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. ஆனால் இப்போது இரண்டு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது, பரு கொத்துக் கொத்தாக வருகிறது. அதைச் சரிசெய்ய வீடியோக்களைப் பார்த்து வைட்டமின் சி சீரம், 10 சதவீத நியாசினமைடு, சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், க்ளைகாலிக் டோனர், ரெட்டினால் எல்லாம் வாங்கினேன். இரண்டு மாதமாகப் போடுகிறேன். இப்போது வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது. தை மாதம் கல்யாணம், இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது. இதில் எது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எதை எதோடு சேர்க்கலாம் என்று சொல்லுங்கள். அம்மா எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கஸ்தூரி மஞ்சள் பூசச் சொல்கிறார். ஆறு பொருளின் லேபிளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: லேபிள்களைப் படம் எடுத்து அனுப்பினீர்கள் பாருங்கள், அது மிக நல்ல காரியம். முகத்தின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தால் என்னால் பாதிகூடச் சொல்லியிருக்க முடியாது.

ஆறு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து பாட்டில், ஒரு ட்யூப். உங்கள் சந்தேகமெல்லாம் பாட்டில்கள் மேல் இருக்கிறது, எனக்குப் பயம் அந்த ட்யூப் மேல்தான். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த ட்யூபில் ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாய்ன் 0.025 சதவீதம், மோமெட்டசோன் 0.1 சதவீதம் என்று இருக்கிறது. மூன்றுமே மருந்து. ஹைட்ரோகுவினோன், தோல் நிறமியைத் தயாரிக்கும் நொதியைத் தடுக்கிறது. ட்ரெட்டினாய்ன் வைட்டமின் ஏ வகை, தோல் செல்கள் புதுப்பிக்கப்படுவதை வேகமாக்குகிறது. மோமெட்டசோன் ஸ்டீராய்டு. இப்படி மூன்றைச் சேர்க்கும் யோசனை புதிதல்ல, 1975-லேயே க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதே மாதிரி ஒரு கலவையை எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் மங்குக்கு நாங்கள் இந்த வகை க்ரீமை எழுதித் தருகிறோம். ஆனால் சில வாரக் கணக்கில், மங்கு உள்ள இடத்தில் மட்டும், நடுவில் வரச்சொல்லிப் பார்த்து, பிறகு நிறுத்திவிடுவோம். ஏழு மாதம், முகம் முழுக்க, தினமும், பார்க்க யாரும் இல்லாமல் என்பது வேறு கதை.

பத்து நாளில் பளிச்சென்று ஆனது எப்படி? அதில் பெரும்பங்கு ஸ்டீராய்டின் வேலை. அது தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அதனால் தோல் வெளுத்துத் தெரியும். ஒரு ஸ்டீராய்டு க்ரீம் எவ்வளவு வீரியமானது என்று அளப்பதற்கான பழைய சோதனையே, அதைத் தடவிய இடம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பதுதான். அதோடு சிவப்பும் வீக்கமும் அடங்கிவிடும், பருவும் அமுங்கிவிடும். கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் குணமான மாதிரிதான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறதென்றால், தோல் மெலிந்துகொண்டே போகிறது, சுருங்கிய குழாய்கள் அந்தச் சுருக்கத்துக்குப் பழகிவிடுகின்றன. ஒரு நாள் க்ரீம் இல்லையென்றால் அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் விரிகிறது. நீங்கள் சொல்லும் சிவப்பும் எரிச்சலும் கொத்துப் பருவும் அதுதான். உடனே பயந்துபோய் மறுபடி க்ரீம் போடுவீர்கள், அடங்கும். இதனால்தான் க்ரீம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

இந்த நிலைமை நம் நாட்டில் அவ்வளவு சாதாரணமாகிவிட்டதால் இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள், ஸ்டீராய்டால் பாழான முகம் என்று. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்புக் கோடு, வெயிலில் போனாலே காந்தல், முகத்தில் புதிதாகப் பூனைமுடி, எந்தச் சிகிச்சைக்கும் மசியாத பரு, இதெல்லாம் அடையாளம். பல வருடம் மருத்துவர்கள் குரல் கொடுத்த பிறகு, 2018-ல் மத்திய அரசு இந்த மாதிரி பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கேட்டதும் எடுத்துக் கொடுப்பதும் நடக்கிறது. உங்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை, அந்த அக்காவும் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அவருக்கும் தயவுசெய்து இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

இப்போது என்ன செய்வது? இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்து தாங்கிக்கொள்ள வேண்டாம், இன்னும் ஒரு ட்யூப் வாங்கவும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் ஒரு தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். ஈரோட்டிலேயே இருக்கிறார்கள், செலவு யோசனையாக இருந்தால் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள், இந்த முகங்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். உங்கள் தோலைப் பார்த்து, ஸ்டீராய்டை எப்படிக் குறைத்து வெளியே வருவது, நடுவில் சிவப்பை அடக்க ஸ்டீராய்டு இல்லாத மருந்து எதைக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்வார். முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், முகம் இப்போதைவிட மோசமாகத் தெரியலாம். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயந்து திரும்பவும் அந்த ட்யூபை எடுக்கமாட்டீர்கள். தாடையோரப் பருவைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 25 வயதுக்கு மேலும் தாடையிலேயே பரு வந்துகொண்டிருந்தால் சில பேருக்கு ஹார்மோன் காரணம் இருக்கும், அதற்கு எந்த சீரமும் பதில் சொல்லாது.

சரி, பாட்டில்களுக்கு வருவோம்.

அதற்கு முன்னால் எது எரிகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நம் தோலின் மேலடுக்கு ஒன்று இருக்கிறது, இறந்த செல்கள் தட்டையாக அடுக்கியிருக்கும், அவற்றின் நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் எல்லாம் சாந்து மாதிரி பூசியிருக்கும். முகத்தில் அது, நீங்கள் கடையில் பில் அடிக்கும் தாளைவிடவும் பல மடங்கு மெல்லியது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கிறது உள்ளே வராமலும் காப்பது இவ்வளவு மெல்லிய அந்தப் படலம்தான். வெறும் தண்ணீர் எரிகிறது என்றால் அது கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் "எந்தப் பொருள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற கேள்விக்கு இன்றைக்குப் பதில் கிடையாது, இந்த நிலையில் எதைப் போட்டாலும் எரியும், நல்ல பொருளும் எரியும்.

உங்கள் ரெட்டினாலை எடுத்துக்கொள்ளுங்கள். ரெட்டினால் தோலுக்குள் போனதும் அப்படியே வேலை செய்வதில்லை, இரண்டு படி மாறி ரெட்டினாயிக் ஆசிட் ஆன பிறகுதான் செல்களோடு பேசும். ட்ரெட்டினாய்ன் என்பது அந்த ரெட்டினாயிக் ஆசிடேதான். உங்கள் ட்யூபில் ஏற்கெனவே அது இருக்கிறது! ஏழு மாதமாக அதைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே அதே குடும்பத்து ரெட்டினாலை இரண்டு மாதமாகப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாட்டிலில் ஒரு பெயர், ட்யூபில் வேறு பெயர், பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

அமிலங்களிலும் இதே கதை. வைட்டமின் சி என்று நீங்கள் வாங்கியிருப்பது எல்-அஸ்கார்பிக் ஆசிட், 15 சதவீதம். அது தோலுக்குள் இறங்க வேண்டுமென்றால் அதன் பி.ஹெச்., அதாவது அமிலத்தன்மையின் அளவு, 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5. இந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும், 5-க்கும் 3-க்கும் நூறு மடங்கு வித்தியாசம். ஆகக் காலையில் சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், அடுத்து க்ளைகாலிக் ஆசிட் டோனர், அதன் மேல் வைட்டமின் சி என்று மூன்று அமிலத்தை, அதுவும் ஸ்டீராய்டால் மெலிந்துபோன முகத்தில், வரிசையாகப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறீர்கள். டோனர் என்றால் ரோஜாத் தண்ணீர் மாதிரி என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். க்ளைகாலிக் ஆசிட் அந்த வகை அமிலங்களிலேயே மூலக்கூறு சிறியது, அதனால் வேகமாக உள்ளே இறங்கும், இறந்த செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தும். அதைப் போடும் காலத்திலும், நிறுத்திய பிறகு ஒரு வாரமும் வெயில் அதிகமாகத் தாக்கும். நீங்கள் மத்தியானம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள், சன்ஸ்க்ரீன் பற்றி ஒரு வரிகூட இல்லை. பருக் கறுப்பு போகத்தான் இவ்வளவும் செய்தீர்கள், ஆனால் அமிலத்தால் புண்ணான தோலில் வெயில் பட்டால் அதே கறுப்பு இன்னும் ஆழமாக விழும். நம் மாநிறத் தோலுக்கு அந்தக் குணம் உண்டு. எந்தப் புண், எந்த எரிச்சல், எந்த உரசல் நடந்தாலும் அது நிறமியைக் கொட்டித்தான் ஆறும். வெள்ளைத் தோல்காரர்கள் எடுக்கும் வீடியோவைப் பார்த்து அதே வீரியத்தில் நாம் போடுவது இதனால்தான் ஆபத்து, அவர்களுக்கு இரண்டு நாள் சிவந்து போகும், நமக்கு ஆறு மாதம் கறுத்து நிற்கும்.

வைட்டமின் சி பற்றி இன்னொன்று. உங்கள் படத்தில் அந்த பாட்டிலின் சொட்டுக் குழாயில் இருப்பது கடுந்தேநீர் நிறத்தில் இருக்கிறது. புதிதாக இருக்கும்போது தண்ணீர் மாதிரியோ மிக லேசான மஞ்சளாகவோ இருந்திருக்கும். அஸ்கார்பிக் ஆசிட் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் கெட்டுப்போகும், அந்தப் பழுப்புதான் அதன் அடையாளம். அந்த நிறத்துக்கு வந்த பிறகு பலன் கிடையாது, எரிச்சல் மட்டும் இருக்கும். ஊற்றிவிடுங்கள். இனி எப்போதாவது வாங்கினால் சின்ன பாட்டிலாக, கறுப்போ பழுப்போ நிறக் கண்ணாடியில் வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள், குளியலறைக் கண்ணாடி அலமாரியில் வேண்டாம்.

நியாசினமைடு பாவம், இந்தக் கூட்டத்திலேயே சாதுவானது அதுதான். வைட்டமின் பி3. நிறமியைத் தயாரிக்கும் செல் அதைப் பொட்டலம் கட்டிப் பக்கத்து செல்லுக்கு அனுப்பும், அந்தப் போக்குவரத்தை இது குறைக்கிறது. தோல் தானே செராமைடு தயாரிக்கவும் உதவுகிறது, எண்ணெய்ப் பசையையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் நல்ல ஆய்வுகள் 2-லிருந்து 5 சதவீதம் வரை வைத்துத்தான் நடந்திருக்கின்றன. 10 வாங்கினால் இரண்டு மடங்கு பலன் வராது, சிலருக்கு முகம் சிவக்கும், அவ்வளவுதான். வைட்டமின் சியோடு சேர்க்கவே கூடாது என்று ஒரு பயம் சுற்றுகிறது, அது தேவையில்லாதது, தோல் தாங்கினால் இரண்டையும் போடலாம். உங்களுக்கு இப்போது இரண்டும் வேண்டாம் என்பது தனி விஷயம்.

சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையும், அதனால் எண்ணெய் அடைத்த துளைக்குள் போய் அடைப்பைக் கரைக்கும். கரும்புள்ளி, வெண்புள்ளி வகைப் பருவுக்கு நல்லது. ஃபேஸ்வாஷில் இருந்தால் அரை நிமிடத்தில் கழுவிவிடுகிறோம், அதனால் பலனும் குறைவு, கெடுதலும் குறைவு. உங்கள் பிரச்சினையில் அதன் பங்கு கொஞ்சம்தான். ஆஸ்பிரின் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் இதைத் தொடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஐந்து பாட்டிலையும் இன்றிரவே ஒரு பையில் போட்டுக் கட்டி பீரோவில் வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம், வைட்டமின் சி தவிர. டாக்டர் நேரில் பார்த்து எழுதித் தருவது போக, அடுத்த ஆறு வாரத்துக்கு உங்கள் முகத்துக்கு மூன்றே பொருள். ஒன்று, நுரை அதிகம் வராத, வாசனை இல்லாத, மென்மையான க்ளென்சர். குளியல் சோப்பு வேண்டாம், பெரும்பாலான சோப்புக் கட்டிகளின் பி.ஹெச். 9, 10 என்று இருக்கும், போர் தண்ணீரில் அது சரியாகக் கழுவியும் வராது, தோலில் படிந்து நிற்கும். காலையில் வெறும் தண்ணீரே போதும், ராத்திரி ஒரு தடவை க்ளென்சர். இரண்டு, மாய்ஸ்சரைசர். லேபிளில் க்ளிசரின் முதல் நாலைந்து பெயருக்குள் இருக்கிறதா, செராமைடு, பெட்ரோலேட்டம் அல்லது டைமெத்திகோன் இதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். முகத்தைத் துண்டால் ஒற்றி, ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே தடவ வேண்டும். க்ளிசரினும், எல்லோரும் பெரிதாகப் பேசும் ஹையலூரானிக் ஆசிடும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள்கள், பிடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும் அல்லவா? காய்ந்த முகத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து அதை மட்டும் தடவிக்கொண்டால் இழுத்துப் பிடித்த மாதிரிதான் இருக்கும். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், க்ளிசரினைப் போல மலிவாகவும் நன்றாகவும் வேலை செய்யும் பொருள் இந்தத் துறையில் அதிகம் இல்லை.

மூன்றாவது சன்ஸ்க்ரீன். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எஸ்.பி.எஃப். என்ற எண் தோலைச் சுடும் கதிர்களை எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிறது, பி.ஏ. பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறிகள் தோலைக் கறுக்க வைக்கும், கண்ணாடி ஜன்னல் வழியாகவும் வரும் கதிர்களுக்கானவை. எஸ்.பி.எஃப். 30 அந்தக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. அதனால் 50-ஐத் துளியூண்டு தடவுவதைவிட 30-ஐ நிறையத் தடவுவது மேல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு இழுத்தால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். மத்தியானம் வண்டி எடுக்கும் முன் மறுபடி ஒரு தடவை. உங்கள் தோல் இப்போது புண்ணாக இருப்பதால் ஸிங்க் ஆக்ஸைடு உள்ள வகையாக வாங்குங்கள், எரிச்சல் குறைவு. நிறம் சேர்த்த சன்ஸ்க்ரீன் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்ஸைடு, சாதாரண சன்ஸ்க்ரீன் தடுக்காத கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும், மாநிறத் தோலில் பருக் கறுப்பும் மங்கும் அந்த வெளிச்சத்துக்கும் கறுக்கும்.

அம்மா சொல்லும் கஸ்தூரி மஞ்சள். மஞ்சளை நான் மட்டம் தட்டமாட்டேன், வீக்கத்தைத் தணிக்கும் குணம் அதற்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் கிழிந்த தோலில் அரைத்த பொடியைத் தேய்ப்பது உப்புத்தாள் தேய்ப்பது போல. அதோடு கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று விற்பதெல்லாம் அதுதான் என்று சொல்வதற்கில்லை. ஆறு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள், அப்புறம் நலங்குக்கு மஞ்சள் பூசும் அன்று ஆசையாகப் பூசிக்கொள்ளலாம், அதற்கு முன் முழங்கையின் உள்பக்கம் இரண்டு மூன்று நாள் பூசிப் பார்த்துவிட்டு. எலுமிச்சையை மட்டும் எப்போதுமே முகத்தில் வைக்காதீர்கள். அதன் பி.ஹெச். 2 அளவில் இருக்கும், அதோடு அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துவிடும். கற்றாழை வெட்டிப் பூசுகிறவர்கள் நறுக்கியதும் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டுப் பூச வேண்டும், அரிப்பெடுப்பது அந்தப் பாலால்தான். தேங்காய் எண்ணெய் கைகால் வறட்சிக்கு அருமை, பரு வரும் முகத்துக்கு வேண்டாம். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபிளைப் படிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்திருந்தால் இந்த ஐந்தில் மூன்றை நீங்கள் வாங்கியிருக்கமாட்டீர்கள். பொருள்களின் பெயர்கள் அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்கும். முதலில் ஆக்வா, அதாவது தண்ணீர். 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். நான் என் நோயாளிகளுக்குச் சொல்லித் தரும் ஒரு குறுக்குவழி, பினாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். அது க்ரீம் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டிச் சேர்க்கமாட்டார்கள். ஆகவே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள். அட்டையில் பெரிய எழுத்தில் குங்குமப்பூ என்று போட்டு, பின்பக்கம் அது பினாக்ஸிஎத்தனாலுக்கு அப்புறம் கடைசி வரியில் இருந்தால் நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று புரிந்துகொள்வீர்கள். இந்தக் கணக்கை ரெட்டினால் மாதிரிப் பொருளுக்குப் போடக்கூடாது, அது 0.3 சதவீதத்திலேயே நன்றாக வேலை செய்யும், கடைசியில் இருப்பதுதான் நியாயம். பர்ஃப்யூம், ஃப்ரேக்ரன்ஸ் என்று இருந்தால் உங்களுக்கு வேண்டாம். ஆல்கஹால் என்ற சொல்லைப் பார்த்தெல்லாம் பயப்பட வேண்டாம், சீட்டைல் ஆல்கஹால், சீட்டியரைல் ஆல்கஹால் இரண்டும் மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள்கள், தோலை மிருதுவாக்கும். வெறுமனே ஆல்கஹால் டினாட் என்று முதல் சில பெயர்களுக்குள் இருந்தால் அது வறட்டும்.

லேபிளே இல்லாத டப்பா, அல்லது தயாரித்தவர் முகவரி இல்லாத "நைட் க்ரீம்" யாராவது கொடுத்தால் கையால்கூடத் தொடாதீர்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அதுவும் நிறமி நொதியைத் தடுத்து வெளுக்க வைக்கும், ஆனால் தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-ல் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கி வந்த நோயாளிகளை விசாரித்தபோது, அவர்களில் பலரும் சிவப்பழகு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. கல்யாணம் நெருங்க நெருங்க இப்படி ஒரு டப்பாவைக் கையில் திணிக்க உறவில் யாராவது வருவார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ஆறு வாரம் கழித்து, தண்ணீர் எரியாமல், மாய்ஸ்சரைசர் எரியாமல் இருந்தால், உங்கள் டாக்டரின் சம்மதத்தோடு ஒரே ஒரு பொருளைச் சேர்க்கலாம். பருவும் பருக் கறுப்பும் சேர்ந்து இருப்பதால் என் முதல் தேர்வு அஸலாயிக் ஆசிடாக இருக்கும். அது இரண்டுக்கும் வேலை செய்யும், மெதுவாக, கர்ப்ப காலத்திலும் போடலாம். வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு, மாய்ஸ்சரைசருக்கு மேலே. இரண்டு வாரம் தாங்கினால் நாள்களைக் கூட்டுங்கள். அப்புறம்தான் அடுத்த பொருள் பற்றி யோசிக்க வேண்டும், அதுவும் தேவைப்பட்டால். டாக்டர் பென்ஸாயில் பெராக்ஸைடு எழுதினால் 2.5 சதவீதமே போதுமா என்று கேளுங்கள், பருவுக்கு 10 சதவீதத்துக்குச் சமமாகவே வேலை செய்யும், எரிச்சல் குறைவு. பழைய தலையணை உறை போட்டுப் படுங்கள், அந்த மருந்து துணியின் சாயத்தை எடுத்துவிடும். என்னிடம் வந்த ஒரு பெண், நீலத் தலையணை உறையில் ஆரஞ்சுத் திட்டுகளைப் பார்த்துத் தன் முகத்தில் ஏதோ தொற்று என்று இரண்டு நாள் அழுதிருக்கிறாள், உறையைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து என் மேஜைமேல் விரித்தாள்.

கல்யாணத்தைப் பற்றி நேராகப் பேசுகிறேன். நாலு மாதத்தில் எரிச்சலும் சிவப்பும் பெருமளவு அடங்கிவிடும் என்று நம்பலாம், புதுப் பரு குறையும். பழைய கறுப்பு முழுக்கப் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், அதற்குப் பல மாதம் ஆகும். ஆனால் ஆறிய தோலில் மேக்கப் ஒழுங்காக உட்காரும், உரியும் தோலில் எவ்வளவு விலை கொடுத்தாலும் திட்டுத் திட்டாக நிற்கும். பார்லரில் ப்ளீச், பீல், ப்ரைடல் ஃபேஷியல் என்று பேக்கேஜ் சொல்வார்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டாலும் பரவாயில்லை, முகத்துக்கு இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேக்கப் செய்யப்போகிறவரை ஒரு மாதத்துக்கு முன்னாலேயே அவருடைய பவுண்டேஷனைத் தாடையோரம் ஒரு நாள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை பற்றி யோசிக்கும் காலத்திலும் கர்ப்பமாக இருக்கும்போதும் ரெட்டினால், ட்ரெட்டினாய்ன், ஹைட்ரோகுவினோன் எதுவும் போடக்கூடாது. அதனால் பீரோவில் கட்டி வைத்த பையில் இருந்து அந்த ரெட்டினாலை மறுபடி எடுக்க வேண்டிய வேளை இப்போதைக்கு வராது. பருவுக்கு உள்ளுக்கு ஏதாவது மாத்திரை எழுதினாலும், தை மாதம் கல்யாணம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகள் கர்ப்பத்தில் மிகவும் ஆபத்தானவை.

டாக்டரிடம் போகும் அன்று முகத்துக்கு எதுவும் போடாமல் போங்கள். அந்த ட்யூபையும் அதன் அட்டைப்பெட்டியையும் மறக்காமல் கைப்பையில் எடுத்து வையுங்கள், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை ட்யூப் தீர்ந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் அவருக்கு மிகவும் உதவும். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.